பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு

போகிக்கு முந்தின வாரம் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் கிளம்பக் கிளம்ப, நமக்கு வேலை செய்து தருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சென்னையை விட்டுப் போய்விடுவார்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இஸ்திரிக்காரர் எல்லோருக்கும் ஊர் உண்டு. அவர்கள் திரும்பி வர உழவர் திருநாள் தாண்டிவிடும். அந்த நாலைந்து நாளில் குழாய் கழன்றாலும் கேஸ் தீர்ந்தாலும் நம் கைதான் நமக்குத் துணை.

கைக்குழந்தையோடு இருந்ததால் போன பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, நிம்மதியாக இருக்கலாம் என்பதுதான் திட்டம். சிங்க் அடைத்துக்கொண்டது, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, பொங்கல் அன்று காலையில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. ஒவ்வொன்றையும் அங்கங்கே விசாரித்துச் சரிசெய்தோம். முதல்முறையாக வாடகை வீட்டில் தனியாகப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் இந்த அலைச்சல் படக் கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். பாதிக்கு மேல் விடுமுறைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்.

1. பத்து நாளைக்கு முன்: சிலிண்டர்

ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். கேஸ் இருக்கிற மட்டம் வரை ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். பாதிக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் எல்லோரும் பதிவு செய்வதால் டெலிவரி தள்ளிப்போகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவு செய்ததும் ஒரு டெலிவரி குறியீட்டு எண் இணைப்பில் பதிவான செல்போனுக்கு வரும். அதைச் சொன்னால்தான் சிலிண்டர் கைக்கு வரும். பல வாடகை வீடுகளில் கேஸ் இணைப்பு வீட்டு ஓனர் பெயரில்தான் இருக்கும். எண் அவர் போனுக்குப் போகும். அவர் பஸ்ஸில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால், வாசலில் சிலிண்டரோடு நிற்பவர் காத்திருக்க மாட்டார். பதிவு செய்த அன்றே ஓனரைக் கேட்டு அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் வந்ததும் வாசலிலேயே மூன்று விஷயம் பாருங்கள். சீல் பிரிக்காமல் இருக்கிறதா? எடை சரியா? வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ இருக்க வேண்டும், காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். எடை போடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவது, மூடியைத் திறந்து வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். புதுச் சிலிண்டர் மாட்டியதும் வாசனை வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது இருக்காது. அந்த மூடியை நூலோடு பத்திரமாக வையுங்கள். கசிவு வந்தால் அதுதான் முதலில் தேவைப்படும்.

அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு நிற ரப்பர் குழாயில் எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் ஏஜென்சியில் புதிது வாங்கிவிடுங்கள், 200 ரூபாய் அளவில்தான் ஆகும்.

கேஸ் இணைப்பே இல்லாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், ஆதார் போன்ற ஒரு அடையாளச் சான்று போதும். முதல்முறை வாங்கும்போது சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

2. ஒரு வாரத்துக்கு முன்: எண்களும் தாள்களும்

கீழே உள்ளவற்றைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்துவிட்டு, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டுங்கள். கரண்ட் இல்லாமல் போன் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் தாள்தான் உதவும்.

மின் இணைப்பு எண். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்தால் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டு மின் அட்டையிலோ பழைய பில்லிலோ இருக்கும். இரண்டு மாத மின் கட்டணம் கட்டக் கடைசி நாள் விடுமுறைக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள், விழுந்தால் இப்போதே கட்டிவிடுங்கள்.

கேஸ் நுகர்வோர் எண், ஏஜென்சி பெயர். கேஸ் கசிவுக்கு 1906, நாள் முழுவதும் எடுப்பார்கள்.

குடிநீர், கழிவுநீர்ப் புகாருக்குச் சென்னைக் குடிநீர் வாரியம்: 044-4567 4567. குப்பை, தெரு விளக்குக்கு மாநகராட்சி: 1913. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112.

வாடகை ஒப்பந்த நகல், கீசர், ஃபிரிட்ஜ், ஆர்.ஓ. மெஷின் வாங்கிய பில், மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஓனர் எண்ணோடு, ஊரில் அவரோடு இருப்பவர் ஒருவரின் எண்ணும்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் பத்து நாளைக்கு வாங்கி வையுங்கள். தெருமுனை மருந்துக்கடை பொங்கலன்று பாதி நேரம்தான் திறந்திருக்கும், பக்கத்து கிளினிக் டாக்டரும் ஊருக்குப் போயிருப்பார். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு எப்போதும் திறந்திருக்கும்.

3. வாட்ச்மேன் கிளம்புவதற்கு முன்: மோட்டார்

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். பல குடியிருப்புகளில் மோட்டார் போடத் தெரிந்த ஒரே ஆள் வாட்ச்மேன் அண்ணன்தான். அவர் கிளம்பும் முந்தின நாள் காலையில் கூடவே போய் நின்று பாருங்கள். எந்த சுவிட்ச் போர்வெல்லுக்கு, எது சம்ப்பில் இருந்து மேலே ஏற்ற, டேங்க் நிறைய எவ்வளவு நேரம் ஆகும், வழிந்தால் எந்தப் பக்கம் சத்தம் கேட்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் ரூம் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதையும் கேளுங்கள்.

பேனலில் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் ஆம்பியர் முள்ளைப் பார்க்கச் சொன்னார் எங்கள் வாட்ச்மேன். வழக்கமாக எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தந்தார். முள் அதற்கு வெகு கீழே நின்றால் தண்ணீர் எடுக்காமல் மோட்டார் வெறுமனே ஓடுகிறது, உடனே சிவப்பை அழுத்திவிட வேண்டும். அப்படியே ஓடவிட்டால் காயில் கருகும், காயில் கட்டப் பல ஆயிரம் ஆகும், கட்டித் தருகிற பட்டறையும் அந்த வாரம் மூடியிருக்கும்.

சம்ப்பில் தண்ணீர் இருந்தும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. தரைக்கு மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டாராக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பம்ப் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி, வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். குமிழ் வந்து அடங்கும் வரை ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஊற்ற ஊற்றத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் குழாய் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வு போயிருக்கிறது. அதை நாமாகச் சரிசெய்ய முடியாது. தண்ணீருக்குள்ளேயே இறக்கியிருக்கும் சப்மெர்சிபிளாக இருந்தால் கையே வைக்காதீர்கள்.

எதற்கும் போகிக்கு முந்தின இரவு இரண்டு பெரிய வாளியிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

இத்தனையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்: டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், டெஃப்லான் டேப் இரண்டு சுருள், குழாய் வாஷர், சிங்க் அடைப்பை இழுக்கும் ரப்பர் பம்ப், குக்கருக்கு ஒரு கேஸ்கட், குக்கர் சேஃப்டி வால்வு ஒன்று. கேஸ்கட்டும் வால்வும் உங்கள் குக்கரின் கம்பெனி, லிட்டர் அளவு பார்த்து வாங்குங்கள். அளவு மாறினால் எதற்கும் உதவாது, பழைய கேஸ்கட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ரொக்கம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் மூன்று நாளும் வங்கி கிடையாது, பக்கத்து ஏ.டி.எம். காலியாகிவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், வாட்ச்மேனுக்கும், குப்பை எடுக்க வருகிறவருக்கும் பொங்கல் காசை அவர்கள் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஊருக்குத் துணிமணி வாங்கிப் போக அப்போதுதான் அது உதவும்.

5. சந்தை: எதை எப்போது வாங்குவது

பரங்கி, பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் இவற்றை நான்கு நாளுக்கு முன்பே வாங்கலாம், கெடாது. அவரை, மொச்சை, கத்தரி போகிக்கு முந்தின நாள். கரும்பும் மஞ்சள் கொத்தும் போகி காலையில் வாங்கினால் பசுமையாக இருக்கும். அன்று மாலை வரை காத்திருந்தால் மஞ்சள் கொத்து வாடியதுதான் மிஞ்சும். கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை போடுவார்கள், ஆனால் கரும்பு அங்கே கட்டாகத்தான் மலிவு. நாலு வீடு சேர்ந்து ஒரு கட்டு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு ஜோடி மட்டும் வேண்டுமென்றால் தெருமுனையிலேயே வாங்கிவிடுங்கள், ஆட்டோ செலவு மிச்சம்.

ஆவின் பூத்தில் பாலை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு ஆரஞ்சுப் பாக்கெட் நன்றாக இருக்கும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: மாட்டுப் பொங்கல் அன்றுதான் திருவள்ளுவர் தினம். சென்னையில் அன்று இறைச்சிக் கடைகளுக்கு விடுமுறை. காணும் பொங்கலுக்குக் கறி எடுப்பதாக இருந்தால் அன்று காலையில் கூட்டம் நெரியும், ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

பச்சைக் கற்பூரம் வாங்கும்போது மிகவும் கவனம். நாட்டு மருந்துக் கடையில் சாமிக்கு ஏற்றும் சூடமும் சமையலுக்கான பச்சைக் கற்பூரமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், நிறமும் ஒன்றுதான். சூடத்தைத் தின்றால் உடம்புக்கு விஷம், குழந்தைகளுக்கு வலிப்பே வரலாம். ‘சாப்பிடுகிற பச்சைக் கற்பூரம்’ என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கி, டப்பாவில் பெயர் எழுதிப் பூஜை சாமான் இல்லாத இடத்தில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ருசிக்குக் குறைவு வராது.

6. போகி காலை

விடிவதற்கு முன்பே புகை வந்துவிடும். முந்தின இரவே ஜன்னலை மூடி, கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்துவிடுங்கள். வீசிங் இருப்பவர்கள் இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பாய், துணி, டயர், பிளாஸ்டிக் எதையும் எரிக்காதீர்கள், மாநகராட்சி ஆட்கள் தனியாக வாங்கிக்கொள்வார்கள்.

7. சர்க்கரைப் பொங்கல், கேஸ் அடுப்பில்

காலண்டரில் பார்த்த நல்ல நேரத்துக்கு முக்கால் மணி முன்பாக எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று பேருக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு டம்ளர் பால், ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் பொடித்த வெல்லம். திறந்த பானையில் வைத்தால் ஐந்து ஆறு டம்ளர் தண்ணீர் பிடிக்கும். குக்கரில் நான்கு போதும்.

பருப்பை மட்டும் வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி வையுங்கள். பாலும் தண்ணீரும் பொங்கியதும் அரிசி பருப்பைப் போடுங்கள். விரலால் நசுக்கினால் நடுவில் கட்டியே இல்லாமல் குழைய வேண்டும். அதுவரை வெல்லம் பக்கம் போகவே கூடாது. வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகவே வேகாது, எவ்வளவு நேரம் கிளறினாலும் நறுக்கென்றே இருக்கும். முதல்முறை பொங்கல் வைக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி வடிகட்டுங்கள். அடியில் மண் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை விட, கொஞ்சம் கறுத்த வெல்லத்துக்கு நிறமும் வாசமும் கூடுதல். பாகை ஊற்றும்போது தீ சின்னதாக இருக்கட்டும். பிறகு நெய்யை மூன்று தவணையாக ஊற்றிக் கிளறி, முந்திரி, திராட்சை, ஏலக்காய் போட்டு இறக்குங்கள். ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

மண்பானை வைக்க ஆசைப்படுகிறவர்கள் முந்தின நாள் முழுக்கப் பானையைத் தண்ணீரில் ஊறவையுங்கள். ஆரம்பத்தில் கால் மணி நேரம் சிம்மில்தான் வைக்க வேண்டும். இறக்கியதும் ஈரமான கிரானைட் மேல் வைத்தால் விரிசல் விடும், பிரிமணையோ மடித்த துணியோ போட்டு அதன் மேல் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் வேலை செய்யாது, வெண்கலப் பானையும் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் ஆகும். கேஸ் தீர்ந்தால் இண்டக்‌ஷன் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் இதை இப்போதே சோதித்துப் பாருங்கள்.

பால் பொங்கி வழிய வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. கேஸ் அடுப்பில் வழிகிற பால் தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதனால் பால் விளிம்புக்கு ஏறியதும் ஒரு கை குமிழிலேயே இருக்கட்டும். வழிந்ததும் அணைத்து, துடைத்து, காற்று போகவிட்டு, மறுபடி பற்றவையுங்கள். பர்னர் ஆறிய பிறகு மூடியைக் கழற்றி ஊசியால் ஓட்டைகளைக் குத்திக் கழுவிக் காயவையுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் ஓட்டையில் பால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

8. அடுப்படியில் அவசரம்

கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வில் அந்த நூல் மூடியை மாட்டுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறங்கள். இந்த கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு தேங்கும், அதனால் வாசல் கதவும் பால்கனிக் கதவும் திறந்திருப்பது முக்கியம். வெளியே போய் நின்று 1906-க்குப் பேசுங்கள்.

வடை எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் வாணலியை மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். வடை சுடும்போதே அந்தத் தட்டு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சூடு பட்டால் குழாயடியில் இருபது நிமிடம். வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தைக்குப் பட்டாலோ, முகத்தில் பட்டாலோ, உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைதான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

குக்கர் விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட். விசிலும் வரவில்லை, கசியவும் இல்லை என்றால் உடனே அணையுங்கள், வெயிட் அடியில் பருப்பு அடைத்திருக்கலாம். தானாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். அரிசி, பருப்புக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தாலே இது பெரும்பாலும் வராது.

9. சிங்க் அடைப்பு

நெய், கஞ்சி, வெல்லப்பாகு எல்லாம் ஒரே நாளில் சிங்க்கில் இறங்குவதால் பொங்கலுக்கு இது அநேகமாக வரும். நெய்ப் பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் சிங்க்கில் போட வேண்டும்.

அடைத்துவிட்டால் முதலில் ரப்பர் பம்ப். சிங்க்கில் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும், மேலே வழியும் ஓட்டையை ஈரத்துணியால் அடைத்து, பம்பை வேகமாக அழுத்தி இழுங்கள். இரக்கமில்லாமல் இருபது முப்பது தடவை செய்ய வேண்டும். அசையவில்லை என்றால் சிங்க்குக்கு அடியில் வாளியை வைத்து, வேஸ்ட் பைப்பின் பிளாஸ்டிக் நட்டைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஸ்பேனர் தேவைப்படாது. எங்கள் வீட்டில் அந்த வளைவுக்குள் நெய் வெள்ளையாக உறைந்து, உள்ளே நாலு முந்திரித் துண்டு, ஒரு வாழைநார், ஒரு ஸ்டீல் நார் எல்லாம் சேர்ந்து பைப்பை முழுக்க மூடியிருந்தது. குச்சியால் தள்ளி, சூடான சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். திரும்ப மாட்டும்போது வாஷர் இருந்த பக்கத்திலேயே இருக்கட்டும், மாறினால் ஒழுகும்.

அடைப்பு நீக்கும் பவுடரை முதலிலேயே கொட்டாதீர்கள். அது வேலை செய்யாமல் போனால், பிறகு பைப்பைக் கழற்றும்போது அந்தத் தண்ணீர் உங்கள் கையில்தான் விழும்.

வளைவில் ஒன்றுமில்லை, பாத்ரூமிலும் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு வெளிச் சேம்பரில் இருக்கிறது. அசோசியேஷன் செயலாளரிடம் சொல்லுங்கள். தெருக் குழாய் வழிந்தால் குடிநீர் வாரியத்துக்கு.

10. கரண்ட் போனால்

பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் போர்டைத் திறந்து பாருங்கள். பெரிய டிரிப்பர் விழுந்திருந்தால் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன சுவிட்சுகளான எம்.சி.பி. எல்லாவற்றையும் கீழே தள்ளி, டிரிப்பரை மேலே ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் கீசர், ஈரமான கிரைண்டர், அல்லது இரண்டையும் இண்டக்‌ஷனோடு ஒரே நேரத்தில் போட்டது காரணமாக இருக்கும். விழுகிற டிரிப்பரைக் கட்டிப்போடவோ தாங்கிப்பிடிக்கவோ வேண்டாம், அது உயிரைக் காக்க விழுகிறது.

பாதி வீட்டில் மட்டும் இல்லையென்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் மீட்டர் பக்கத்தில் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கலாம். அதைத் திருப்பினால் வந்துவிடும், ஆனால் ஏ.சி.யும் கீசரும் அதே ஃபேஸில் போடாதீர்கள். உடனே மின்னகத்தில் புகார் எண் வாங்குங்கள். தெருவில் நாலு பேர் தனித்தனியாகச் சொன்னால் ஆள் சீக்கிரம் வருகிறார்கள்.

11. ஆள் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால்

விடுமுறையில் வரும் பிளம்பர் வழக்கத்தை விட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கேட்பார். தன் பண்டிகையை விட்டு வருகிறார், கொடுப்பது நியாயம். ஆனால் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, சாமான் யார் வாங்குவது. முகம் தெரியாத நம்பருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலி நிறைய. மெஷின் பில்லில் அச்சடித்த எண்ணுக்கு மட்டும் பேசுங்கள், ஓ.டி.பி. கேட்டால் போனை வையுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் கோளாறைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, தொகையைச் சொல்லி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். போனில் பேசியது பின்னால் நினைவிருக்காது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் பொதுவாக அதுதான் கணக்கு. சுவருக்குள் போகும் குழாயை மாற்றுவது, வயரிங் மாற்றுவது போன்றவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, அடைப்பு எடுப்பது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தை இப்போதே எடுத்து அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் துண்டுச் சீட்டிலாவது தேதி, வேலை, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஜிபே ரசீதோடு அனுப்புங்கள். அடுத்த மாத வாடகையில் கழிப்பதாக இருந்தால் அதையும் அதே செய்தியில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கழியுங்கள்.